ரொக்கிக்குப் பல்லுவலியாம்

நாய்க்கதை எழுதுவதற்கு மன்னியுங்கள்.

எங்கள் வயதான ரொக்கி சோற்றை விட்டுவிட்டுக் கறிவேப்பிலைச் சாடியின் மண்ணைத் தின்கிறது.

இரத்தச்சோகையாகவோ வயிற்றுக் கோளாறாகவோ இருக்கலாம் என்றிருந்த மிருக வைத்தியர், இன்று பரிசோதனை முடிவைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னார்: "சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன. இனி அதிக நாளில்லை."

"என்னவாம், பிள்ளை?" என்றார் அம்மா. வீட்டுக்கே மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

"பல்லுவலியாம், அம்மா."

"அட விசரா, இதுக்கோ மண் திண்டனீ?" அம்மா ரொக்கியின் காதைத் திருகிச் சிரித்தார்.

திரும்பும் வழியில் பாரிஸின் லா சப்பல் தெருத் தமிழ்க் கடையில், "அண்ணை, நல்லாக் குழையிற அரிசி தாங்கோ" என்று கேட்டார்.

"ஆருக்கக்கா, அத்தானுக்கோ?"

"இல்லை, எங்கட ரொக்கிக்கு. பல்லுவலி."

நான் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வீட்டில் அம்மா இப்போது கஞ்சி ஆற்றுகிறார். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் சொல்லும்வரை, அம்மாவைக் கடைத்தெருவில் கண்டால் பல்லைப் பற்றி மட்டும் விசாரியுங்கள்.