யூசுப் பாய் வாயில் வந்த பழ வாசனை

ஆஸ்பத்திரி லேபரட்டரியில் பாட்டிலில் வருவதைச் சோதிப்பது என் உத்தியோகம். வருகிறவர்களோடு வாதாடுவது என் சுபாவம். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிவிட்டு எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்காவது என் கோபம் புரியும். திருச்சி பெரிய கடைவீதியில் குடை ரிப்பேர் செய்யும் யூசுப் பாய்க்கு அநியாயம் நடந்தது. நினைவில்லாமல் கிடந்த மனிதரைக் குடிகாரர் என்று எழுதிவிட்டார்கள்.

மூக்கின் தீர்ப்பு

எழுதியவர் கம்பவுண்டர் தைரியநாதன். வருகிறவர்களை நோட்டில் பதிவது அவர் வேலை. பாயின் வாயருகே குனிந்தார். கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாசனை. 'குடி மயக்கம்' என்று வார்டே கேட்கச் சொல்லிக்கொண்டே எழுதி, தெளியட்டும் என்று மூலைக் கட்டிலில் போடச் சொன்னார். பாயின் மனைவி ஜைனப் பீவி பதறினார். "அல்லா மேல ஆணைங்க, அஞ்சு வேளை தொழுகிறவரு. பத்து நாளா தண்ணி தண்ணின்னு தவிச்சாருங்க!"

அந்தத் தண்ணீர்த் தாகம்தான் என்னை இழுத்தது. மூச்சும் ஓடிவந்தவன் மூச்சுப்போல ஆழமாக இருந்தது. நர்ஸோடு சண்டை போட்டுக் குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கச் சொன்னேன். நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறம்: சர்க்கரை. இன்னொரு குழாயில் அமோனியாவை ஓரமாக வழியவிட்டால் கத்திரிப்பூ நிறத்தில் வளையம்: அசிட்டோன். ரத்தம் நிறையச் சர்க்கரை இருந்தும் எடுத்துக்கொள்ளத் தெரியாத உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அந்தப் புகைச்சல்தான் பழமாக மணக்கிறது. இதற்குக் கீட்டோசிஸ் என்று பெயர். மூலையிலேயே விட்டிருந்தால் மனிதர் சாயங்காலத்தைப் பார்த்திருக்க மாட்டார். டாக்டர் ஓடிவந்து இன்சுலின் போட்டார். மறுநாள் பாய் கண் திறந்தார். தைரியநாதன் மட்டும் அசையவில்லை. "கள்ளா சர்க்கரையான்னு மூக்குல எழுதியா ஒட்டியிருக்கு, பி.எஸ்ஸி. அம்மா?"

நீலம் நீலமாகவே

வெற்றி எனக்குத் தலைக்கேறியது. இரண்டு நாள் கழித்து, ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு மாமியைக் குதிரை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதே பழ வாசனை. ஒரே சோதனைக் குழாய்தான் வைத்தேன், அமோனியாக் குழாய்; வளையம் பளிச்சென்று வந்தது. "கீட்டோசிஸ்! இன்சுலின் போடுங்கள்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "சர்க்கரை பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. திரும்பி ஓடிக் காய்ச்சினேன். நீலம் நீலமாகவே நின்றது: சர்க்கரை இல்லை. சாப்பிடாத உடம்பும் கொழுப்பைத்தான் எரிக்கும். அதில் இன்சுலினும் போயிருந்தால் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையும் இறங்கி, மாமி எழுந்தே இருக்க மாட்டார். ஊசியை நிறுத்தச் சொல்லி வார்டுக்கு ஓடினேன். மாமி கண் விழித்திருந்தார். "ஏகாதசி விரதம். தசமி காலம்பரலேர்ந்து பட்டினிடி குழந்தே. என்னை ஒரு வார்த்தை கேட்டியோ?"

அவர் ஒரு வரி, நான் ஒரு வரி

அன்று மத்தியானம் ஜைனப் பீவி லேபரட்டரி வாசலில் நின்றார். மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்தார்களாம். பெண்ணின் வாப்பா குடிக்கிறவர் என்ற பேச்சு மாப்பிள்ளை வீடு வரை போய்விட்டது. "நோட்டுல இருக்கிறதை அழிக்கச் சொல்லுங்கம்மா."

நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். தைரியநாதன் நிதானமாகக் கேட்டார்: "அந்த மாமிக்கு இன்சுலின் போடச் சொன்னீங்களே, அது எந்த நோட்டுல இருக்குங்க?"

பேனாவை எடுத்து என் நோட்டில் எழுதினேன்: 'சர்க்கரை பார்க்காமலும், எப்போது சாப்பிட்டார் என்று கேட்காமலும் சொன்னேன். தவறு.' அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு தன் நோட்டைத் திறந்து 'குடி மயக்கம்' என்பதை அடித்தார். மேலே 'நீரிழிவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஜைனப் பீவி நோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதை யாருங்க படிக்கப் போறாங்க? அன்னிக்கு வாயாலதானே சொன்னீங்க. மாப்பிள்ளையோட பெரியத்தா, அவரு வாப்பாவோட அண்ணன், இவரைப் பார்க்க வந்து இப்ப வார்டு உள்ளேதான் உக்காந்திருக்காரு."

இரண்டு குழாயில் முடிகிற சோதனைக்கு மூன்றாவதாக ஒரு தொண்டையும் தேவைப்படும் என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தைரியநாதன் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வார்டின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! யூசுப் பாய் ஒரு சொட்டுக் குடிக்கலை. அது வியாதி. தப்பா எழுதினது நான்!"