வெளியேறிய நேரம்

கேரளத்து விழிஞ்ஞத்தில் மீன் உறைய வைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. குளிர் அறைக் கதவில் யார் எப்போது கார்டு தேய்த்தார்கள் என்பதெல்லாம் டேட்டாபேஸில் விழும். முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் எடுத்து ஷிப்ட் நேரம் காட்டும்படி ஒரு குவெரி எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அதை ஓட்டிப் பார்த்தபோது, பெட்டி அடுக்கும் ஒரு பெண்ணுக்கு வெளியேறிய நேரம் காலியாக இருந்தது. ஷிப்ட் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். அந்த அறையின் குளிர் எனக்குத் தெரியும். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"வீட்லதான் இருக்கேன் சாரே," என்றாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும்.

"கார்டு தேய்க்காம எப்படி வெளிய வந்தீங்க?"

"பஸ் போயிரும்னு ஓடி வந்தேன். எங்க கூட பெட்டி அடுக்குற மூத்த சேச்சிதான் அவங்க கார்டுல எனக்குக் கதவைத் திறந்து விட்டாங்க."

"அவங்களும் வந்தாங்கல்ல?"

"இல்ல சாரே, கொஞ்சம் பெட்டி பாக்கி உண்டுன்னு உள்ள நின்னாங்க."

திரையைப் பார்த்தேன். சேச்சி வெளியேறிய நேரம் ஒழுங்காக விழுந்திருந்தது. வெளியேறியதாகப் பதிவான கார்டுக்கு அந்தக் கதவு உள்ளிருந்து மறுபடி திறக்காது. ஒரு கார்டை இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாதென்று நாங்களே அப்படி வைத்திருந்தோம்.

போனை வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன். என் கார்டுக்குக் கதவு திறந்ததும் வெண்புகை முகத்தில் அடித்தது. கதவை ஒட்டியே சேச்சி குந்தியிருந்தார். புருவமெல்லாம் வெளுத்திருந்தது. விறைத்த விரல்கள் அப்போதும் கார்டை நீட்டிப் பிடித்திருந்தன.

"கதவு கார்டை எடுக்கல சாரே," என்றார்.