என்னிடம் சொல்லாத ஸ்கேன் முடிவு

அறந்தாங்கியில் அந்த ஸ்கேன் அறையை விட்டு நான் வெளியே வருவதற்குள், குழந்தை இல்லை என்கிற செய்தி குவைத்தில் இருந்த என் கணவருக்குப் போய்விட்டது.

வயிற்றில் தடவிய பசையை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருந்த என் மாமியாரிடம் சொன்னார்: “துடிப்பு இல்லம்மா. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, சுத்தம் பண்ணிரலாம்.”

“டாக்டர், என்கிட்ட சொல்லுங்க. என் வயித்துலதானே இருக்கு?”

“பெரியவங்ககிட்ட சொல்லியாச்சுல்லம்மா” என்றவர், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அத்தை போனில் பேசி முடித்து என்னிடம் நீட்டினார். “அம்மா சொல்றபடி கேளு, மனசக் கொழப்பிக்காத” என்றார் கணவர். விடுமுறை முடிந்து அவர் திரும்பிப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன். “எங்கிட்டுப் போற? தெனம் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கித்தானே இப்புடி ஆச்சு?” என்றார் அத்தை.

புதுக்கோட்டையில் பார்த்த பெண் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். எனக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளித்தான் வரும் என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

“அப்ப நாள் கணக்கே சரியாத் தெரியாது. கரு நாலு மில்லிமீட்டர்தான் இருக்கு. இந்த அளவுல துடிப்பு தெரியலங்கிறதுக்காக முடிவு பண்ணக் கூடாதும்மா. பத்து நாள் கழிச்சுத் திரும்பப் பாப்போம். நடுவுல வலியோ ரத்தமோ வந்தா ஒடனே வந்துருங்க.”

பத்து நாளும் பள்ளிக்கூடம் போய் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் ரத்தம் இருக்குமோ என்று பயந்தேன். “செத்ததச் சொமந்துக்கிட்டுத் திரியுறா” என்று அத்தை, என் காதுபடவே போனில் யாரிடமோ சொன்னார்.

இரண்டாவது ஸ்கேனில் அந்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “பாருங்க. இதுதான் கரு. அன்னைக்கு இருந்த அளவுலயே நின்னுருச்சு. துடிப்பும் வரல. இப்ப உறுதியாச் சொல்றேன்.”

“பஸ்ஸுல போனதாலயா?”

“இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல.”

அப்போதுதான் அழுதேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டு, எல்லாம் முடிந்து வீட்டில் படுத்திருந்தேன். ரசம் சோறு கொண்டுவந்து வைத்த அத்தை, “அறந்தாங்கி டாக்டரு அன்னைக்கே சொன்னாரு” என்றார்.

“அன்னைக்கு அவருக்குத் தெரியாது அத்தை! தெரிஞ்ச மாதிரி சொன்னாரு. அதையும் என்கிட்ட சொல்லல. நீங்களும் சொல்லல!”

அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்று மாலை கணவரைக் கூப்பிட்டேன். “இனிமே என் ஒடம்பப் பத்தி யாரு என்ன சொன்னாலும் மொதல்ல என்கிட்ட கேளுங்க” என்றேன். திரையில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் விசும்புவது கேட்டது. அவரைத் தேற்ற அன்று எனக்கு மனம் வரவில்லை.