இலையைச் சுற்றிய தண்ணீர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனபோது நாங்கள் ஸ்ரீவராகத்தில் இருந்தோம். வைத்தியர் தினமும் வந்து தைலம் தேய்த்து, கிழி ஒத்தடம் கொடுப்பார். "கையைத் தானா அசைச்சுப் பாக்கணும், கேட்டேளா" என்பார். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கையைவிடச் சாப்பாடுதான் எனக்குப் பெரிய கவலை. வலது கையில் நீர் வாங்கி, மந்திரம் சொல்லி, இலையைச் சுற்றி விடாமல் இவர் ஒரு பருக்கை தொட மாட்டார். இடது கையால் செய்கிற காரியமா அது? எங்களோடு இருந்த இவருடைய அக்காதான் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றிவிடுவாள். பிறகு பிசைந்து ஊட்டுவாள். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஆபீசையே அதட்டிய மனுஷர், வாயைத் திறக்கக் கூசி, பாதியிலேயே "போறும்" என்றுவிடுவார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. 

ஒரு மத்தியானம் சாய்வு நாற்காலியில் இவர் கண்ணயர்ந்திருந்தார். தோளிலிருந்து பூணூல் நழுவியது. அந்த வலது கை மெல்ல எழும்பி, அதை மேலே தள்ளப் பார்த்து, மடியில் விழுந்தது. ஓடிப்போய் நாத்தனாரிடம் சொன்னேன்.

"தூக்கத்துல ஆடியிருக்கும். நீ வேற" என்றாள்.

அடுத்த வாரம் நாத்தனார் தன் மகளின் பிரசவத்துக்கு நாகர்கோவில் போனாள். மறுநாள் இலை போட்டேன்.

"கையைப் பிடி" என்றார்.

"பிடிக்க மாட்டேன்."

"அப்போ நான் சாப்பிட வேண்டாமா?"

"பூணூலைச் சரி பண்ணத் தெரிஞ்ச கைக்கு இது தெரியாதா?"

முறைத்தார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டினியாக எழுந்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் உதறல்தான். சாதத்தில் ஆவி அடங்கிவிட்டது. கடைசியில் அந்தக் கையை இலை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"தண்ணி விடு."

விட்டேன். கை நடுங்கி, எரிசேரிக் கூட்டில் பாதியும் வேட்டியில் மீதியும் போயிற்று. வட்டம் முழுசாக வரவில்லை. மந்திரத்தை மட்டும் சொல்லி முடித்தார். பிறகு சாதத்தை அளைய ஆரம்பித்தார். வாய்க்குப் போனதைவிட மார்பில் உதிர்ந்ததுதான் அதிகம். நான் பார்த்தால் கூசுவார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 

"அங்கே என்ன பார்வை?" என்றார். "இன்னும் கொஞ்சம் சாதம் போடு."