கலர் சொல்லாத கேமரா

ஆரணியில் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறொன்றும் எடுக்கத் தெரியாத டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. அது என்னிடம் இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வந்தால் வரட்டும், அந்தக் கேமராவுக்காக நான் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

தொண்ணூறுகளில் நான் கல்யாணமாகி வந்தபோது, என் வீட்டுக்காரரின் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அவர் முன்னால் நின்று படம் பிடிப்பார். நான் உள்ளே இருட்டறையில் கழுவிப் பிரிண்ட் போடுவேன். வெற்றுத் தாளில் முதலில் புருவமும் மீசையும் தெரியும், பிறகு முகம் வரும். அதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. பிறகு கலர் வந்தது. பிலிம் ரோலைக் கவரில் போட்டு வேலூர் லேபுக்கு அனுப்பினால் போதும் என்றானதும் என் இருட்டறையில் அரிசி மூட்டையும் உடைந்த நாற்காலிகளும் குடியேறின. வேலை போன மாதிரி இருந்தது. மாதிரி என்ன, போய்த்தான் விட்டது. கவுண்டரில் உட்கார்ந்து கவர் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஸ்டுடியோவுக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வேண்டுமென்று சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போனோம். அவர் தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியின் அடித்தட்டில் செங்கல் கனத்தில் ஒன்று கிடப்பதை நான் பார்த்தேன்.

"அது உங்களுக்கு வேணாம்மா. அதுல கலரே வராது. ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து வந்தது" என்றார் கடைக்காரர்.

ஏன் வராது என்று விடாமல் கேட்டேன். மற்ற டிஜிட்டல் கேமராக்களில் வெளிச்சம் விழுகிற சென்சார் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாகப் பில்டர் ஒட்டியிருக்குமாம். இதில் அது கிடையாதாம். விழுகிற வெளிச்சத்தை வடிகட்டாமல் முழுசாக வாங்கிக்கொள்ளுமாம். என் புறங்கையையே ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். தோலின் வரி ஒவ்வொன்றும் நெய்து வைத்தது போல நின்றது. இதுதான் வேண்டும் என்றேன். "யோசிச்சிக்கோ" என்றார் வீட்டுக்காரர். யோசித்துவிட்டேன் என்றேன்.

நான் ஏமாந்துவிட்டேன் என்று ஊர் முடிவு கட்டியது. பட்டு நெய்கிற ஊரில் கலர் தெரியாத கேமராவா என்று கேட்டுச் சிரித்தார்கள். எதிர்க் கடைக்காரர் தினம் காலையில், "இன்னாக்கா, கேமராவுல கலர் ரிப்பேரு சரியாச்சா?" என்பார். முதல் வாரம் விளக்கம் சொன்னேன். இரண்டாம் வாரம் முறைத்தேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

ஆனால் முதல் அடி வீட்டிலேயே விழுந்தது. என் கல்யாணப் புடவையை ஜன்னலோரம் விரித்துப் படம் எடுத்தேன். அரக்கு உடல், பச்சை பார்டர். படத்தில் முழுப் புடவையும் ஒரே சாம்பல் நிறம். "பார்டர் எங்கடி போச்சி?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அன்று அவருக்கு நான் காபி போடவில்லை. மறுநாள் அரிசி மூட்டைகளைத் தள்ளி, பிலிம் காலத்துக் கண்ணாடி பில்டர்கள் இருந்த டப்பாவைத் தேடி எடுத்தேன். சிவப்புக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் மாட்டினால் அரக்கு வெளுத்தது, பச்சை கறுத்தது, பார்டர் திரும்பி வந்தது. பச்சைக் கண்ணாடி போட்டால் எல்லாம் தலைகீழ். கலர் தெரியாத கேமராவுக்குக் கலரை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடித்துப்போனது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து முள்ளிப்பட்டில் தறி நெய்கிற ஒரு பெண், மகளின் பள்ளிக்கூட போட்டோவுக்காக ஸ்டுடியோவுக்கு வந்தாள். சுவரில் நான் மாட்டியிருந்த படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, நான் ஒரு புடவை நெய்துகினு இருக்கேன். அது தறியில இருக்கறப்பவே அதோட என்னை ஒரு படம் புடிச்சித் தருவீங்களா?"

இதில் என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். பட்டும் ஜரிகையும் கொடுப்பவர் முதலாளி, நெய்து கொடுப்பது இவள் வேலை. முடிந்ததும் புடவையைத் தறியிலிருந்து அறுத்து, மடித்து, அவர் வீட்டில் சேர்த்தால் அதோடு சரி, மறுபடி அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒருமுறை உடலுக்கும் பார்டருக்கும் அவர் போட்ட ஒரு கலர் ஜோடி, கைத்தறிப் புடவை கடைக்குப் போய்ச் சேருமுன்னே விசைத்தறிக் காப்பியாகக் கடையில் வந்து தொங்கியது. அன்றிலிருந்து அவர் தறி ஓடுகிற எந்த வீட்டிலும் கேமரா நுழையக் கூடாது. வேற்று ஆள் வாசலில் வந்தால் நெய்த பாகத்தின் மேல் வேட்டியைப் போட்டு மூடிவிட வேண்டும்.

"இந்த ரெண்டு கலரை ஜோடி சேர்த்துச் சொன்னதே நான்தான்க்கா. முதலாளியும் ஒத்துகினாரு. அறுத்துக் குடுத்துட்டா, நான் போட்டதுன்னு யாருக்குத் தெரியும்?"

புடவை முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. மறுநாளே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"கேமராவா? அந்தப் பேச்சே வேணாம்மா" என்றார் அவர்.

இதில் கலர் வராது என்றேன். அவர் நம்பவில்லை. கலர் வராத கேமராவை எந்தப் புத்தியுள்ளவன் வாங்குவான் என்று நினைத்தாரோ என்னவோ, என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு புடவையை எடுத்து வந்து கூடத்தில் விரித்தார். எடுக்கச் சொன்னார். எடுத்ததும் புடவையை மடித்து ஒளித்துவிட்டு, சமையற்கட்டிலிருந்து மனைவியைக் கூப்பிட்டுக் கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டினார். "இது இன்னா கலர், சொல்லு."

தெருக்கோடியில் போகிற புடவைக்கும் கலர் பெயர் சொல்லக்கூடிய அம்மா அவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மயில் கழுத்து" என்றார். அது அரக்கு. இன்னொன்றை எடுத்தோம். ரோஸ் என்றார். அது கிளிப்பச்சை. மூன்றாவதுக்குக் கூப்பிட்டபோது, "இது இன்னா பேஜாரு, அடுப்புல பால் இருக்குது" என்று போய்விட்டார். முதலாளி சிரித்துவிட்டார்.

"சரி, எடுத்துக்கோங்க. ஆனா நானும் கூட வருவேன்."

அவர் வந்தார். அவள் தலை நிறையப் பூ வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்திருந்தாள். கூரையில் பதித்த கண்ணாடி வழியாகக் காலை வெயில் நேராகத் தறி மேல் விழுந்தது. முதலாளி தலையாட்டியதும் வேட்டியை எடுத்தாள். இரண்டு கலரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை எல்லோருக்கும் பிடித்துப்போகுமே, அப்படியிருந்தது. அவை என்ன கலர் என்று எழுதப்போவதில்லை. நெய்தவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டூல் மேல் ஏறி நின்று முதல் படம் எடுத்தேன். முதலாளி திரையைப் பார்த்தார். "மொத்தமும் சாம்பல். ரொம்ப நல்லா இருக்குது. போதும்மா, ஜல்தி கிளம்பலாம்" என்றார்.

அவள் குழியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"உடலும் பார்டரும் ஒண்ணா போச்சேக்கா. வெறும் துணி நெய்த மாதிரி இருக்குது."

என் கல்யாணப் புடவைக்கு நடந்ததே இங்கேயும் நடந்திருந்தது. முதலாளி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, கேமரா மேலா என்று தெரியவில்லை. பையிலிருந்த பில்டர் டப்பாவைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா அது, கலர் கண்ணாடி? கலர் வந்துடப் போவுது."

"வராதுங்க. வந்தா உங்க கையாலயே அழிச்சிடுங்க."

கண்ணாடி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதனால் அசையாமல் இரு என்று அவளிடம் சொன்னேன். ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி மூச்சையும் பிடித்துக்கொண்டாள். எடுத்தேன். திரையில் உடல் வேறு, பார்டர் வேறு என்று பிரிந்து நின்றது. ஜரிகை வெள்ளையாக மின்னியது. பட்டின் ஒவ்வொரு இழையும் அவள் விரல் நகமும் ஒரே கூர்மையில் இருந்தன. முதலாளி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டித் திரையில் கலரைத் தேடினார். கிடைக்கவில்லை. அவள் திரை மேல் விரலை வைத்து, பார்டரோடு கூடவே நகர்த்திக்கொண்டு போனாள். எந்தக் கண்ணாடியைப் போட்டேன் என்றும் சொல்ல மாட்டேன், அதைச் சொன்னால் கலரையே சொன்ன மாதிரி.

லேபில் கலர் பேப்பரில் போட்டதால் பிரிண்ட் லேசாகப் பச்சை அடித்து வந்தது. திருப்பி அனுப்பினேன். இந்த முறை பழுப்பாக வந்தது. அதையும் அனுப்பி, போனில் நாலு வார்த்தை பேசினேன். அடுத்தது சுத்தமான கறுப்பு வெள்ளையாக வந்தது. பிரேம் போட்டு நானே கொண்டுபோய் அவள் தறிக்கு மேலே மாட்டினேன். அதற்குள் தறியில் வேறு புடவை ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் அந்த ஜோடி ஊர் முழுக்க ஓடியது. கல்யாண மண்டபங்களில் பார்த்தேன், விசைத்தறியிலும் வந்துவிட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை என்றானதும், முதலாளியே தறிகளைப் படம் எடுக்கச் சொல்லி என்னைக் கூட்டிப்போக ஆரம்பித்தார். அப்படிப் போன ஒரு நாள் சென்னைப் புடவைக் கடைக்காரர் ஒருவரும் கூட வந்தார். அவள் வீட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்ன கலர் சார்?" என்று முதலாளியைக் கேட்டார்.

முதலாளி தறியில் இருந்த அவளைக் காட்டினார். "இந்தம்மாவைத்தான் கேக்கணும். அது இவங்க போட்ட ஜோடி."

தறிச் சத்தம் நின்றது. கடைக்காரர் அவள் பக்கம் திரும்பி, "நீங்க போட்டதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நான் போட்டது" என்றாள்.

கலரை மட்டும் அவள் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஓடிய ஜோடிதான், ஆனாலும் இந்தப் படத்தில் அது அவளுக்கு மட்டும். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் சொல்லவில்லை.