சத்தியநேசன் சாரின் விக்டோரியா காலம்

விக்டோரியா காலப் பாடம் வந்துவிட்டால் சத்தியநேசன் சார் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். சொல்வதில் ஒன்றும் காற்றில் போய்விடக் கூடாதாம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் நடக்கும் டியூட்டோரியல் அது. பிள்ளைகள் வியர்வை வழிய பி.ஏ. ஆங்கிலம் படிப்பார்கள். அடுத்த அறையில் வரலாறு எடுக்கும் எனக்கு அவர் குரல் இலவசம்.

"அந்தக் காலத்து நாவல்ல அந்த நாடே தெரியும், கேட்டியளா" என்று தொடங்குவார். ஆலையில் இருமிய குழந்தை, கல்யாணச் சந்தையில் நின்ற பெண், ஊருக்கு ஒழுக்கம் சொல்லிவிட்டு ஒளிந்து வாழ்ந்த கனவான் எல்லாரும் வரிசையாக வருவார்கள். பெண்கள் ஆண்பெயர் வைத்துக்கொண்டு எழுத வேண்டியிருந்த இடம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வருடம் தவறாமல் அந்த இடத்தில் இது நடக்கும். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். மனிதர் நிஜமாகவே உருகிவிடுவார்.

வீட்டில் உருக்கம் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை டிவிமேல் துண்டைப் போர்த்திவிடுவார். மகள் ஆதிரா வாசிக்கும் புத்தகம் எதுவும் முதலில் அவர் பார்வைக்குப் போக வேண்டும். அவள் சிரிப்பு வாசலைத் தாண்டினால் உள்ளிருந்து ஒரு செருமல் வரும். விக்டோரியா மகாராணியே ஒரு வாரம் வந்து தங்கினாலும் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்த ஆதிரா, அவர்கள் கிறிஸ்தவ சபையின் பவளவிழா மலர்ப் போட்டிக்கு ஒரு கதை எழுதினாள். பெண்பார்க்க வந்தவர்கள் நடந்துகாட்டச் சொன்ன ஒரு பெண்ணின் கதை. அவள் எழுதிய முதல் கதையும் அதுதான். சார் அதை எனக்கு வாசித்துக்காட்டிப் பூரித்துப்போனார். பிறகு மகள் பெயரை அடித்துவிட்டு, மகன் அஜீஷின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். அஜீஷ் துபாயில் ஏசி மெக்கானிக். குட்மார்னிங் படம் அனுப்புவதைத் தாண்டி அவன் எதுவும் எழுதியதாகத் தகவல் இல்லை.

ஆதிரா சண்டை போடவில்லை. "அப்பா, ஆம்பளப் பேருல எழுதுன அந்தப் பெண்ணுங்க கதைய எனக்குப் படிப்பிச்சுத் தந்ததே நீங்கதானே" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"அது இங்கிலாந்துக்க காரியம் மக்ளே" என்றாராம் சார். "இப்ப மார்த்தாண்டத்துல இருந்து ஒனக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்து நிக்குது. மாப்பிள வீட்டுக்காரங்க இத வாசிச்சா என்னவாக்கும் நெனைப்பாங்க?"

இதை என்னிடம் சொன்னவரும் அவர்தான். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்ட திருப்தி முகத்தில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதைக்கு முதல் பரிசு கிடைத்தது. சபை மண்டபத்தில் அஜீஷின் பெயரை அழைத்தார்கள். ஊரில் இல்லாத மகனுக்காக அப்பா வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடைப் படி வரை போனவர் திரும்பி வந்து, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஆதிராவின் கையில் தன் போனைத் திணித்தார். ஷீல்டு தெளிவாக விழும்படி ஒரு படம் எடுக்க வேண்டுமாம், அண்ணனுக்கு அனுப்ப.