கூப்பிடு தூரத்துப் பற்கள்

கத்தியை ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டி, ரோஸ் நிற மெழுகில் ஒரு பல்லை நடுவார் அக்கா. பிறகு தலையைச் சாய்த்து, சண்டைக்காரியைப் பார்ப்பதுபோல் அதை முறைப்பார். பல் மருத்துவமனையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. செட்டுப் பல் செய்கிறவர்கள் பெரும்பாலும் வாயின் அச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்காவுக்கு ஆளையும் பார்த்தாக வேண்டும். டாக்டர் மெழுகுச் செட்டை வாயில் வைத்துப் பார்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "யாரையாவது திட்டுங்க" என்பார். எண்ணச் சொன்னால் எல்லாரும் வாயை அளந்து திறப்பார்களாம். "திட்டும்போதுதான் வாய் உள்ளபடி ஓடும். வீட்டுக்காரரைத் திட்டச் சொன்னா சில பேர் நிறுத்தவே மாட்டாங்க."

செட்டுப் பல்லுக்கு வந்த கோர்ட்டுக்காரருக்குத் திட்ட வரவில்லை. வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வாசலில் நின்று கூப்பிடுவது அவர் உத்தியோகம். ஈறு நோயில் பற்கள் ஒவ்வொன்றாகப் போய், மிச்சத்தையும் பிடுங்கியாகிவிட்டது.

"ஒரு அம்மா பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தாங்கக்கா. மூணு தடவை கூப்பிட்டேன். தன் பேருன்னே அவங்களுக்குத் தெரியல. ஆள் வரலைன்னு கேஸைத் தள்ளிட்டாங்க." வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெயரைச் சொல்ல முயன்றார், காற்றுதான் வந்தது. தாளில் எழுதச் சொல்லி அக்கா படித்துக்கொண்டார்.

"திரும்ப எடுக்கச் சொல்லி மனு போட்டிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை. அன்னைக்கும் நான்தான் கூப்பிடணும்."

மெழுகுச் செட்டில் பேச்சு திரும்பியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், செட்டோடு எதிர்க் கடைக்குப் போய்ச் சூடாக ஒரு டீ குடித்துவிட்டார். மெழுகு இளகி, முன்வரிசை முழுவதும் குடிகாரனைப்போல் சாய்ந்துவிட்டது.

"என்னண்ணே, எனக்கு மூணு நாள் வேலை, உங்களுக்கு மூணு வாய் டீயா!"

அவர் முகம் செத்துப்போயிற்று. அக்கா இருபத்தெட்டுப் பல்லையும் கழற்றிக் கழுவி, முதல் பல்லிலிருந்து தொடங்கினார்.

புதன்கிழமை மதியம் செட் முடிந்தது. டாக்டர் மாட்டிவிட்டார். "கதவைச் சாத்திட்டு உள்ளயே நின்னு கூப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போய், காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவே பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்தார்.

பிறகு, சாத்திய கதவைத் தாண்டி தாளில் படித்த அந்த அம்மாவின் பெயர் வந்தது. தகப்பன் பெயரோடு, எழுத்து எழுத்தாக. இரண்டாம் முறையும் வந்தது.

மூன்றாவது தடவைக்கு வேலை வைக்காமல், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார் அக்கா.